பதினோரு பொருளில் ஒரு விருந்து

எங்கள் மதிப்புக்கும் எரிச்சலுக்கும் ஒருசேர உரியவரே! கேட்பதில் களைக்காதவரே, கேட்டதை மறக்காதவரே, மறந்தவரை விடாதவரே! முப்பத்தொரு ஆண்டுகள் இந்த விருந்துக் கூடத்தின் தொலைபேசியை ஒரு கையிலும் எங்கள் பொறுமையை மறு கையிலும் பிடித்திருந்த கேள்வி அக்கா அவர்களே! வணக்கம்.

இத்தகைய மடல்களில் ஓய்வு பெறுபவரைக் கடல் என்றும் மலை என்றும் எழுதுவது வழக்கம். எந்தக் கடலும் மலையும் ஒரு விருந்தாளியைக் கூப்பிட்டு, எதைத் தின்றால் உங்களுக்குத் தொண்டை அடைக்கும் என்று கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள். ஆகவே உங்களை உங்களாகவே எழுதுகிறோம். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை நாங்கள் பொறுத்துக்கொண்டது இதைவிட நீளம்.

நீங்கள் இங்கே காய் நறுக்க வந்தவர். ஒரு மதியம் அலுவலக அறையில் ஆள் இல்லாமல் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. சத்தம் பொறுக்காமல் எடுத்தீர்கள். தன் கணவருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது, உங்கள் குழம்பில் மாவு சேர்ப்பீர்களா என்று ஒரு பெண் கேட்டார். "தெரியலம்மா, அடுப்புகிட்ட போய்க் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றீர்கள். அதுவரை எங்கள் கூடத்தில் அந்தக் கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்பதுதான் பதில். தெரியாது என்று சொல்லிவிட்டு அடுப்புவரை நடந்து போன முதல் ஆள் நீங்கள்தான். மறு மாதமே கத்தியை வாங்கிக்கொண்டு தொலைபேசியைக் கொடுத்தார்கள்.

அதன்பின் எங்களுக்கு நிம்மதி போயிற்று. அலர்ஜி உண்டா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள் என்பது உங்கள் கணக்கு. அதனால் வேறு மாதிரி கேட்டீர்கள். "எதைச் சாப்பிட்டா மறுநாள் லீவு போடுவீங்க?" சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னார்கள். பால், முட்டை, எள், இறால், கடலை எனப் பட்டியல் நீண்டது. பட்டியலோடு நீங்கள் அடுப்படிக்குள் வரும்போது நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஒரே பாத்திரத்தை மூன்று முறை கழுவச் சொன்னீர்கள். கரண்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். பாதி வழி போன வண்டியைத் திரும்ப வரவழைத்து ஒரு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சரி போ என்றீர்கள். அன்று ஓட்டுநர் உங்களைப் பற்றிச் சொன்னதைச் சட்டம் போட்டு மாட்டப்போகும் இந்த மடலில் எழுத முடியாது.

வெங்காயம் ஆகவே ஆகாது என்று எழுதிக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர், பக்கத்துத் தட்டிலிருந்து வெங்காய வறுவலை அள்ளித் தின்றதை நாங்களே பார்த்துவிட்டு வந்து சொன்னோம். நீங்கள் அசையவில்லை. அவர் வரும்போதெல்லாம் வெங்காயமில்லாத தட்டுதான் போனது. "பொய்யா இருந்தா அவருக்கு வெங்காயம் கிடைக்காது, அவ்வளவுதான். நிஜமா இருந்தா?" என்றீர்கள். அதற்காகவும் உங்கள் மேல் எரிச்சல்தான் வந்தது.

எரிச்சல் எப்போது மரியாதையாக மாறியது என்று கேட்டால், எங்களில் பலர் ஒரே நாளைத்தான் சொல்வோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மாடியில் இருக்கும் சின்னக் கூடத்தில் நடந்த மதிய விருந்து.

ஓர் அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்த நாள். மேசைக்கு ஆறு பேர். அம்மாவுக்குச் சர்க்கரை. மூத்த மகனுக்குப் பால் ஆகாது. மருமகளுக்குக் கோதுமை ஆகாது. மகளுக்கு முந்திரி, பாதாம், கடலை என எந்தக் கொட்டையும் ஆகாது. ஒரு முறை மூச்சடைத்து ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தவர் அவர். இளைய மகனுக்குப் பருப்பும் சோயாவும் ஆகாது. அம்மாவின் தம்பிக்குச் சிறுநீரகக் கோளாறு, எனவே உருளை, தக்காளி கூடாது, உப்பு அளவோடு. ஒருவருக்கு மாற்றாக வைப்பது இன்னொருவருக்கு விஷம். பாலுக்குப் பதில் முந்திரிப்பால் என்றால் மகள் விழுவார். சோயாப்பால் என்றால் இளையவர் விழுவார்.

ஆறு தட்டு, ஆறு சமையல் என்று சமையல் மாஸ்டர் முடித்துவிட்டார். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தனித்தனித் தட்டுன்னா அவங்கவங்க வீட்லயே சாப்பிட்டுக்கலாமே. ஒரே பாத்திரத்துலேருந்து நான் என் கையால எடுத்துப் போடணும். அது முடியுமான்னு சொல்லு" என்று உங்களிடம் கேட்டார். பல வருடமாக அவர் வீட்டில் அது நடக்கவில்லையாம். மகள் எங்கே போனாலும் தன் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப்போய், ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவராம்.

நீங்கள் மூன்று நாள் உட்கார்ந்து, சமையல் பொருள்களை எழுதிவைத்து, ஆகாததை ஒவ்வொன்றாய் அடித்தீர்கள். ஆறு பேரும் உண்ணக்கூடியது பதினொன்று மிஞ்சியது. அரிசி, சுரைக்காய், முட்டைக்கோஸ், குடைமிளகாய், வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு, சீரகம், சூரியகாந்தி எண்ணெய், எலுமிச்சை. உப்பு தனியாக மேசையில். அரிசி குறைவாக, காய் கூடுதலாக, ஒரே பாத்திரத்தில். பட்டியலைப் பார்த்த மாஸ்டர், "இது விருந்தா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

எங்கள் மாஸ்டரை இங்கே எல்லோருக்கும் தெரியும். அள்ளிப் போடுகிற கை. அவர் அதை ருசி பார்த்தார். முகம் வாடிவிட்டது. எழுபது வயதுப் பிறந்தநாளுக்கு இப்படியொரு வெறும் சாப்பாடா என்று மனசு கேட்கவில்லை. கொட்டையாகப் போட்டால்தானே ஆகாது, அரைத்த விழுதுதானே என்று ஒரு பிடி முந்திரி விழுதைக் கலக்கிவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இந்தத் தொழிலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கெட்ட எண்ணமே இல்லாதவர்கள்தான்.

நீங்கள் மூடியைத் திறந்தீர்கள். கரண்டியை முக்கி எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள். கரண்டியின் முதுகில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. பதினொன்றில் எதுவும் அப்படி ஒட்டாது. என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டீர்கள். ஒன்றும் சேர்க்கவில்லை என்றார் மாஸ்டர். மறுபடி கேட்டீர்கள். மறுபடி அதையே சொன்னார். நாங்கள் பத்துப் பேரும் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு நின்றோம். ஒரு சண்டையைப் பார்க்கத் தயாரானோம்.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "சரி மாஸ்டர். நீங்களே கொண்டு போங்க. அந்தப் பொண்ணு தட்டுல முதல் கரண்டிய நீங்களே போட்டுட்டு வாங்க."

மாஸ்டர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கதவைத் தோளால் தள்ளினார். கதவு ஆடி நின்றது. மாடிப்படியில் அவர் காலடி கேட்டது. நான்கு படி, ஐந்து படி. பிறகு கேட்கவில்லை. நீங்கள் கதவைப் பார்த்தபடியே நின்றீர்கள். அவர் திரும்பி வந்து பாத்திரத்தைக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"முந்திரி. ஒரு பிடி" என்றார்.

முதலாளி ஓடி வந்தார். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது, முக்கால் மணி நேரம் ஆகும் என்று மேலே சொல்லச் சொன்னார். நீங்கள் முடியாது என்றீர்கள். "நான் அவங்ககிட்ட உண்மைய வாங்குறவ சார். பொய்யக் குடுத்துட்டு வர முடியாது." மேலே போய் நடந்ததை நடந்தபடியே சொன்னீர்கள். மகள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இதற்காகத்தான் எங்கும் சாப்பிடுவதில்லை என்றார். அந்த அம்மா யாரையும் பார்க்காமல் மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்ததாகப் பரிமாற நின்றவர் சொன்னார். நீங்கள் கெஞ்சவில்லை. சமாதானம் சொல்லவில்லை. "நம்ப வேணாம்மா. கீழ வந்து பாருங்க" என்றீர்கள்.

வந்தார். அடுப்புக்கு நேர் எதிரே, பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார். புதுப் பாத்திரம், புதுப் பலகை, பூட்டிய அலமாரியிலிருந்து கரண்டி. மாஸ்டர் கையை முழங்கைவரை கழுவினார். ஒவ்வொரு பொருளும் உள்ளே போகும்போது அந்தப் பெண் வாய்விட்டு எண்ணினார். எண்ணெயின் முறை வந்ததும் புட்டியை வாங்கி, ஒட்டியிருந்த சீட்டை இரண்டு முறை படித்தார். கடைசியில் மாஸ்டரைக் கேட்டார், ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று.

"பாவமா இருந்துச்சும்மா."

"பாவப்படாதீங்க. பசிக்குது" என்றார் அவர்.

மேசையில் அம்மாதான் எல்லோருக்கும் எடுத்துப் போட்டார். மகள் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். மற்றவர்களும் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து, தட்டை அம்மா பக்கம் நகர்த்தி, இன்னும் போடு என்றார். டப்பாவைத் திறக்கவேயில்லை என்று எழுத ஆசைதான். திறந்தார். அதில் இருந்ததிலும் பாதியைத் தின்றார். தம்பிக்காரர் உப்புக் குப்பியைத் தொட, தன் அக்காவான அந்த அம்மாவிடம் கையில் ஓர் அடி வாங்கினார். சாப்பாடு சுமார்தான். அதைச் சொல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும்.

மறுநாள் மாஸ்டரை அனுப்பிவிட முதலாளி முடிவெடுத்தார். மாஸ்டரும் துணிமணியைக் கட்டிவிட்டார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள். வேறு எந்தக் கூடமும் எடுத்திருக்காது. நீங்கள் முதலாளியின் அறைக்குள் போனீர்கள். கதவு திறந்தே இருந்ததால் எல்லோரும் கேட்டோம்.

"அஞ்சாவது படியிலேருந்து திரும்பி வந்தவரு சார் இவரு. இவர அனுப்பிட்டு, நேரா மேல ஏறிப் போயிடுறவன வேலைக்கு வெப்பீங்களா?"

முதலாளி பேனாவை மூடினார். மாஸ்டர் மூட்டையைப் பிரித்தார். அன்று மாலையே அவரிடம் நீங்கள் சத்தம் போட்டீர்கள், பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்று.

அதிலிருந்து இந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. எந்த விருந்தாளிக்கு ஏதாவது ஆகாதோ, அவருக்குச் சமைத்தவரே அந்தத் தட்டைக் கொண்டுபோய், அவர் முகத்தைப் பார்த்து, முன்னால் வைக்க வேண்டும். எழுதி ஒட்டவில்லை, கூட்டம் போடவில்லை. மாஸ்டரே ஆரம்பித்தார். நாங்கள் தொடர்ந்தோம். படியேறும்போது தங்கள் தவறு நினைவு வந்து திரும்பியவர்கள் எங்களிலேயே நான்கு பேர். அந்த நான்கு பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்காக ஒருவரையும் நீங்கள் திட்டவில்லை. மற்ற அலட்சியங்களுக்கெல்லாம் சேர்த்துவைத்துத் திட்டினீர்கள்.

நாளை முதல் தொலைபேசியை மாஸ்டர் எடுக்கப்போகிறார். நீங்கள்தான் அவர் பெயரைச் சொன்னீர்களாம். எங்களுக்கு அதில் சந்தேகம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உங்களுக்கான இன்றைய வழியனுப்பு விருந்துக்காகப் போன வாரம் அவர் பழகிப் பார்த்தார். பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இருவர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் அரை மணி நேரம் தன் வயிற்றின் வரலாற்றைச் சொன்னார். பட்டியலின் கடைசிப் பெயர் உங்களுடையது.

அக்காவுக்கு எது ஆகாது என்று கேட்டார்.

"பால் ஒத்துக்காது மாஸ்டர். சின்ன வயசுலேருந்தே."

நாள்தோறும் பிற்பகல் நான்கு மணிக்கு, கெட்டிப் பாலில், ஏடு மிதக்க, உங்களுக்கென்று தனியாகத் தேநீர் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள். களைத்திருப்பீர்களே என்று அன்போடு கொடுத்தோம். முப்பத்தொரு ஆண்டுகள் குடித்தீர்கள். ஏன் சொல்லவில்லை என்று மாஸ்டர் கேட்டதற்கு, "யாரும் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு, போய் அடுப்பைப் பாருங்கள், நேரமாகிறது என்று வைத்துவிட்டீர்களாம்.

தொலைபேசியை வைத்துவிட்டு மாஸ்டர் அடுப்படிக்குள் வந்து எங்களிடம் இதைச் சொன்னார். உங்களைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் இந்த மடலை அதுவரை எழுதிக்கொண்டிருந்தோம்.

எனவே, அக்கா, எங்கள் வாழ்த்து இதுதான். நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும். நல்ல பசியோடும் நல்ல தூக்கத்தோடும் வாழ வேண்டும். எவர் வீட்டு விருந்துக்குப் போனாலும், ஒத்துக்கொள்ளாததை நீட்டுகிற கை எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு வர வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த உங்களுக்கே அது வராமல் போனது எங்கள் குற்றம்.

இதோ நான்கு மணி ஆகப்போகிறது. மாஸ்டர் இஞ்சி தட்டி, பால் இல்லாமல் போட்டிருக்கிறார். சூடாக இருக்கும்போதே குடியுங்கள்.

உங்களைக் கேட்க மறந்த,
அடுப்படி, பரிமாறும் பகுதி, பாத்திரம் கழுவும் பகுதி, வண்டிப் பகுதி ஊழியர்கள் அனைவரும்