வெயிலில் தெரிந்த இரண்டு கோடுகள்

ஹலோ... ஆ, துவாரகா, சொல்லு... கேக்குது, கேக்குது. லயத்து வீட்டுக்குள்ள சிக்னல் இல்ல, தண்ணி டேங்கிகிட்ட ஏறி வந்துட்டேன்... பூனாகலைத் தோட்டத்துலதான். இந்த சிவசக்தி வேற எங்க போகப் போறா? படிப்பிக்கிற ஸ்கூலும் லீவு.

ஜப்பானுக்கா? கட்டுரை வாசிக்கவா? ... யாரு, நீயா? ... ஓ... சந்தோஷம்டி. இல்லல்ல, நெசமாத்தான். தடிமன் புடிச்சிருக்கு, அதான் கொரல் இப்பிடி.

செட்டலைட் படமா? வந்துச்சு. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்... ஆமா, ஆமா, திருகோணமலைக் கடல். தண்ணியில வெயில் தெறிச்சு வெள்ளித் தகடாட்டம் கெடக்கு... ஒனக்கென்ன, செட்டலைட்ல ஏறி நின்னுக்கிட்டு முழுக் கடலையும் பாக்குற. எனக்கு இங்க பனி மூட்டத்துல, காலையில பேர் குடுக்குற பெரட்டுக் களம்கூடத் தெரியல.

கோவமா? எனக்கென்ன கோவம்? கடல் ஆராய்ச்சியில ஒரு வேலை, நாம ரெண்டு பேரும் கேட்டோம், ஒனக்குக் கெடச்சுது... ஒங்கப்பாவ நான் ஒன்னும் சொல்லல. டொக்டர் ஐயா ஒரு வார்த்த பேசியிருப்பாரு. எங்கப்பாவுக்குக் கங்காணிய விட்டா யாரத் தெரியும்? ... சரி, சரி. சொல்லலன்னு சொல்லிக்கிட்டே சொல்லிட்டேன். விடு.

ம்... தெரியுது. வெள்ளக் கோடு ஒன்னு, கறுப்புக் கோடு ஒன்னு... ரெண்டும் எண்ணெயா? ரெண்டு கப்பல் ஊத்துனதா? ... அதத்தான் கண்டுபுடிச்சதா கட்டுரையில எழுதியிருக்கியா?

...

இல்ல, இருக்கேன். பெருசாக்கிப் பாக்குறேன்.

...

நல்லாருக்குடி. பிரமாதம்... ஆமாமா, ஒன்னும் மாத்தாத. அனுப்பு.

எது? ... யாரு பேரு? ... என் பேரா? கட்டுரையில ஒன் பேருக்கு முன்னாலயா? ஏன்டி? ... கெம்பஸ்ல நான் சொல்லிக் குடுத்த பாடம்னா? அதயெல்லாம் யாராச்சும் மனசுல வச்சிருப்பாங்களா... டிக்கட்டா? எனக்குமா கேட்டிருக்க?

அனுப்பாத... துவாரகா, அனுப்பாத! கைய எடு அதுலருந்து... அது ரெண்டு இல்லடி. ஒன்னு... கத்தாத, கேளு. எண்ணெய் படிஞ்ச எடம் அலையில்லாம வழவழன்னு கண்ணாடி கணக்கா இருக்கும். சூரியன் நேரா தெறிக்கிற பக்கம் அது வெள்ளையாத் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போனா அதே எண்ணெய் வெளிச்சத்த வேற பக்கம் திருப்பி விட்டுரும். கறுப்பாத் தெரியும்... வெள்ள முடியிற எடத்துல கறுப்பு ஆரம்பிக்குது பாரு... ம்... ஒரே கப்பல்தான்.

ஆமா, அப்ப கண்டுபுடிப்புன்னு ஒன்னுமில்ல... ஆமா, ஜப்பானும் இல்ல. ரெண்டு பேருக்கும்.

எப்பவா? ... இப்பத்தான் பாத்தேன்... இல்ல. இப்ப இல்ல. பெருசாக்குனப்பவே தெரிஞ்சிருச்சு... ஆமா. தெரிஞ்சுக்கிட்டுத்தான் அனுப்புன்னு சொன்னேன்.

பேசு... திட்டவாச்சும் திட்டுடி... துவாரகா? ... ஹலோ?

... வச்சிட்டா.