எட்டுத் தூண் மேடையும் ஒரு வருட மௌனமும்

தலைமைக் கதிரையை அலங்கரிக்கும் பிரதேச சபைத் தவிசாளர் சுகிர்தன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் அரைக்கறியை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்த ஏரம்புவின் வணக்கம்! மைக்காரத் தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ. இது வயலிலை காட்டுப் பண்டி கலைச்ச தொண்டை.

அதோ, சந்தியில் எட்டுத் தூணோடு வட்டமாக நிற்கும் எங்கள் பாண்ட் வாத்திய மேடை. வெள்ளைக்காரன் காலத்து மேடை. அதை உடைத்து வாகனத் தரிப்பிடம் கட்டுவதா, விடுவதா? இன்று தவிசாளர் முடிவு சொல்லப்போகிறார். அதற்கு முன் ஒரு கதை.

மேடையா அது? மேளத்தின் மடி! தவிலின் இடியையும் தாங்கியது, ரம்பெட் குழலின் முழக்கத்தையும் தாங்கியது. முருகன் கோயில் மேளமும் ஏறியது, மாதா கோயில் பாண்டும் ஏறியது. எந்தத் தூணாவது "நீ எந்தக் கோயில்?" என்று கேட்டதா? கேட்டதா? வாய்க்குள்ளை சொல்லாதேங்கோ, பலமாச் சொல்லுங்கோ!

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாருடைய திருவிழாவானாலும் சின்னராசா நாதஸ்வரத்தில் தொடங்குவார், யாகப்பு ரம்பெட்டில் முடிப்பார். ஒருவரை விட்டு மற்றவர் ஏறமாட்டார். இருவரும் இதோ முன்னால் இருக்கிறார்கள். யாகப்பு, எழும்பாதேங்கோ, உங்கடை முறை இன்னும் வரேல்லை!

போரில் இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, ஊர் திரும்பினோம். முருகனுக்குக் கூரை இல்லை. மாதாவுக்குச் சுவர் இல்லை. மேடை மட்டும் நின்றது. எட்டாம் தூணில் ஒரு மாடு முதுகு சொறிந்துகொண்டு நின்றது. அது யாருடைய மாடு என்பது எனக்கும் மச்சானுக்கும் உள்ள வழக்கு, அதை விடுவோம்.

யாகப்பு வந்தார். ரம்பெட்டும் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கலியாணத்துக்குக் கேட்டோம், பெருநாளுக்குக் கேட்டோம்.

"சின்னராசா செத்துப் போயிட்டான். வருசம் திரும்பாமல் நான் வாய் வைக்கமாட்டன்" என்றார். முகாமில் யாரோ சொன்ன கதை!

ஒரு வருடம் ஊரில் இசையே இல்லை. வருடம் முடிகிற நேரம், கருவாடு விற்கத் தர்மபுரம் போன எங்கள் வீரம்மா அக்கா அங்கே ஒரு வேலியோரம் சின்னராசாவைக் கண்டார். தலையிலிருந்த கருவாட்டுக் கடகம் தரையில்!

"அண்ணை, நீங்கள் செத்தெல்லோ போனியள்!"

"ஆர் சொன்னது? செத்தது யாகப்பு. அவனுக்காண்டி நான் ஒரு வருசமா நாதஸ்வரத்தை உறையாலை எடுக்கேல்லை."

"நாசமாப் போச்சு! அங்கை அவர் உங்களுக்குத் துக்கம் காக்கிறார், இஞ்சை நீங்கள் அவருக்குக் காக்கிறியள். நடுவிலை என்ரை மகளின்ரை கலியாணம் மேளமில்லாமல் போச்சு! ஏறுங்கோ பஸ்ஸிலை!"

ஓம் அக்கா, அந்தக் கைதட்டல் உங்களுக்குத்தான்!

அன்று பின்னேரம் அந்த மேடையில் சின்னராசா தொடங்கினார். முடிக்கவேண்டிய யாகப்பு ரம்பெட்டை உதட்டில் வைத்தார். இரண்டு தரம் காற்றுத்தான் வந்தது. மூன்றாம் தரம் ஊதினார் பாருங்கள், கூரை போட்டுக்கொண்டிருந்தவர்கள் தடியைப் போட்டுவிட்டு வந்தார்கள். அன்றுதான் நாங்கள் ஊர் திரும்பினோம்!

உயிரோடிருந்த நண்பனுக்கே ஒரு வருடம் மௌனம் காத்த ஊர் இது. தவிசாளர் அவர்களே, மேடையை இடித்தால் எத்தனை வருடம் காப்போம்? ஒன்றா? பத்தா? ஒரு தலைமுறையா? வாகனம் எங்கேயும் நிற்கும். சந்திக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டு வளவிலேயே நிற்கட்டும், வேலியை நாளைக்கே பிரித்துத் தருகிறேன். இந்த எட்டுத் தூணும் வேறெங்கே நிற்கும்?

உங்கள் முடிவை இப்போது சொல்லவேண்டாம், ஐயா. வழக்கப்படி ஒருவர் தொடங்கட்டும், மற்றவர் முடிக்கட்டும். காது கேட்ட பிறகு வாய் சொல்லட்டும்.

என் வளவளப்பைப் பொறுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!

சின்னராசா அண்ணை, ஏறுங்கோ மேடைக்கு. யாகப்பு, இப்ப எழும்புங்கோ.