ஈயத்தில் போட்ட மரை

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நான் வேறு வேலை எடுத்துக்கொண்டதில்லை ஐயா. இராஜபாளையத்தில் என் பட்டறைக்கு வந்துபோன எல்லோருக்கும் அது தெரியும். அன்றைக்கு வில்சன் தம்பி வருவார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் அவர் வீடு. வக்கீல் குமாஸ்தா. மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குப் போகும்போது விற்ற ஏர் பிஸ்டலை ஆசையாக வாங்கி வைத்திருந்தார். மரக் கைப்பிடியை இறுக்கும் திருகாணி ஏறுகிற துளைக்குள் மரைப் புரி தேய்ந்துபோயிருந்தது. எவ்வளவு திருகினாலும் சும்மா சுற்றும். முப்பத்தாறாம் வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு ஏழு மைல் சைக்கிள் மிதித்து வந்தார்.

சரியான வேலை எது என்று எனக்குத் தெரியும். துளையைப் பெரிதாக்கி, புஷ் என்கிற சின்ன எஃகுக் குழாயை அடித்து, அதில் புது மரை வெட்ட வேண்டும். அரை நாள் வேலை. பிறகு அவர் ஆயுசுக்கும் ஆடாது.

வேலை முடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"சோறு யாரு ஆக்குதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

என் மனைவி பரிபூரணம் இறந்து அப்போது ஒன்பது வருஷம். பட்டறைக்கு வருகிறவர்கள் எப்போது ரெடியாகும் என்று மட்டும் கேட்பார்கள். பக்கத்து வீட்டார் சாயங்காலம் கூடித் தெலுங்கில் பேசிச் சிரிப்பார்கள். பாதி புரியாமல், சுவருக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். சோற்றைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

துளையில் ஈயத்தை உருக்கி ஊற்றி, அதிலேயே மரை போட்டுக் கொடுத்தேன். ஈயம் முதலில் நன்றாகப் பிடிக்கும். முப்பது குண்டு சுட்டதும் உதிர்ந்துவிடும்.

மூன்றாம் வாரமே வந்தார். "மறுபடியும் ஆடுது அண்ணாச்சி."

"செத்த நேரம் உக்காருங்க தம்பி. பாத்துருவோம்."

மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. பழுதில்லாத சனிக்கிழமையிலும் வர ஆரம்பித்தார். அவருக்கென்று ஒரு டம்ளர் வாங்கி வைத்தேன்.

போன பங்குனியில் வந்தவர் நின்றுகொண்டே பேசினார். "கொழும்புல கப்பல் கம்பெனில வேலை கெடைச்சிருக்கு அண்ணாச்சி. பதினஞ்சு நாள்ல போறேன். இந்தத் தடவை நல்லா இறுக்கிக் குடுங்க. அங்க உங்கள மாதிரி ஆளுக்கு நான் எங்க போவேன்?"

சந்தோஷம் என்று சொன்னேன். அன்றைக்கு ஈயத்தில் மரையை ஆழமில்லாமல் போட்டேன். பத்துக் குண்டு தாங்காது. விசையையும் தொட்டால் விழும்படி இளக்கினேன். ஒரு விரலில் காயம் பட்டால் பயணம் தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டேன். கண்ணை நான் நினைக்கவில்லை.

மறுவாரம் வீட்டு முற்றத்தில் குழலை மடக்கிக் குண்டு போட்டு நிமிர்த்தும்போது மரக் கைப்பிடி கழன்றிருக்கிறது. முகத்தைப் பார்த்துத் திரும்பிய பிஸ்டலை விழாமல் பிடிக்கப் போனவரின் விரல் விசையில் பட்டது. வலது கண் அன்றைக்கே போயிற்று. இரண்டு மாதத்தில் இடது கண்ணும் மங்கி அணைந்தது. அப்படியும் ஆவதுண்டு என்று டாக்டர் சொன்னார்.

பட்டறையை விற்றுவிட்டு மடவார் வளாகத்திலேயே அறை எடுத்துக்கொண்டேன். காலையில் பேப்பர் வாசித்துக் காட்டுகிறேன். சாயங்காலம் கையைப் பிடித்துத் தெப்பக்குளம் வரை கூட்டிப்போகிறேன். அவருடைய தாயாரும் அக்காள் ஜெயபாயும் அதைச் செய்ய வருவார்கள். நான்தான் விடுவதில்லை.

ஜெயபாய் அம்மாள் பிஸ்டலை வேறொரு கொல்லரிடம் காட்டினாராம். அவர் ஈயத்தைச் சுரண்டி எடுத்து, இது தெரியாமல் செய்த வேலையல்ல என்றாராம். அவர் சொன்னது சரி இன்ஸ்பெக்டர் ஐயா. தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வில்சன் தம்பியிடம் மட்டும் சொல்லாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. பாவம், அவருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?