சிவப்புத் துணி கட்டின மணி

டிண்.

கேட்டுச்சா? ஒரே ஒரு தடவை. மேல இன்னும் கதவு திறக்கல. இந்தப் பப்பை, இந்த மதுக்கடையை, யார் திறந்தாலும், முதல்ல வாசல் மணிக்குள்ள கையை விட்டு, நாக்கைத் தொட்டு அசைச்சுப் பார்த்துட்டுத்தான் தாழ்ப்பாளை நீக்கணும். ஏன்னு இங்கத்தவங்ககிட்டக் கேட்டா, "பழக்கம்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நமக்குக் கதை தெரியும். இந்த நிலவறை அடுப்பங்கரையில எனக்கு முன்ன நின்ன காரைக்கால் கபூர் பாய் எனக்குச் சொன்னது. அவருக்கு ஒரு கப்பல் சமையல்காரர் சொன்னாராம். கிழங்கை வெச்சுட்டுக் கேளுங்க, புஷ்பராணி. ராசநாயகம், அந்தக் குழாயை மூடேன்ப்பா.

"மூடியாச்சு அண்ணை. சொல்லுங்கோ."

பாய்மரம் மட்டும் ஓடின காலமாம். இந்தச் சீமைக் கரையில, இதே சால்ட்ஹேவன் ஊருல, இதே கட்டடம் அப்போ சத்திரமா இருந்துச்சாம். நம்ம பக்கம் போற பெரிய கப்பலெல்லாம் தூரத்துல நங்கூரம் போட்டு, காத்து திரும்பட்டும்னு நாள்கணக்கா நிக்குமாம். ஏறப் போறவங்க இங்க தங்கிக் காத்துக் கிடப்பாங்களாம். காத்து திரும்பினா படகுக்காரன் வந்து வாசல் மணிக் கயிறை இழுப்பானாம். மணி கேட்டா மூட்டையைத் தூக்கிட்டு ஓடணும். படகு யாருக்காகவும் நிக்காது.

அந்தச் சத்திரத்துல ஒருத்தி இருந்தாளாம். நாகப்பட்டினத்துக்காரி, பேரு தைலம்மை. ஒரு துரை வீட்டுப் பிள்ளையைக் கப்பல்ல பார்த்துக்க ஆயாவா வந்தவ. கரை சேர்ந்ததும் திருப்பி அனுப்புறோம்னு பேச்சு. கரை சேர்ந்ததும் துரைசாணி, "இங்கயே இரு, ஆள் அனுப்புறேன்"னுட்டுப் போனாளாம். போனவ போனவதான்.

ஊர்ல தைலம்மைக்கு ஆறு வயசுல ஒரு மக. செவந்தி. புறப்படுற அன்னைக்கு அதுக்குப் புதுப் பாவாடை தைச்சுப் போட்டு, கீழ மூணு விரக்கடைக்கு உள்மடிப்பு வெச்சாளாம். "நீ வளந்ததும் இதைப் பிரிச்சு விடணும்ல, பிரிக்க அம்மா வந்திடுவேன்"னாளாம். "சத்தியமா?"ன்னுச்சாம் பிள்ளை. "சத்தியமா"ன்னாளாம்.

சத்திரக்காரி பேரு மார்த்தா. புருஷனைக் கடல் கொண்டுபோச்சு. ரெண்டு பிள்ளையைப் புதைச்சவ. மிச்சம் ஒரு கைக்குழந்தை, எட்வின். ஓயாம இருமுற பிள்ளை. தைலம்மை கை பட்டாத்தான் அதுக்கு மூச்சு சீராகுமாம். மிளகு தட்டிக் கஷாயம் வெப்பாளாம். தன் சிவப்புச் சேலையில முழம் முழமாக் கிழிச்சுப் பிள்ளை மாரோட சுத்தி விடுவாளாம். ஒரு வருஷம் போச்சாம். இன்னொரு வருஷமும் போச்சாம்.

அப்புறம் ஒரு சீமாட்டி வந்து தங்கினாளாம். சென்னைப்பட்டணம் போறவ. கையில பிள்ளை, பார்த்துக்க ஆள் இல்ல. "நீ வர்றியா?"ன்னாளாம். தைலம்மைக்குக் கால் தரையில பாவல. மூட்டையைக் கட்டிக் கதவோரம் வெச்சுட்டா.

"மணி எப்ப அடிக்கும், மார்த்தாம்மா?"

"காத்து திரும்பட்டும்."

"இன்னைக்குத் திரும்புமா?"

"காத்து என்ன நான் வளக்குற நாயா, கூப்பிட்டா வர?"

ரெண்டு பேரும் சிரிச்சாங்களாம். பாருங்க, அப்போ மார்த்தாவும் சிரிச்சிருக்கா.

ஏழாம் நாள் பட்டப்பகல்ல காத்து திரும்புச்சாம். அன்னைக்குன்னு பார்த்து எட்வினுக்கு நெஞ்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சாம். தைலம்மை அதை மடியில போட்டுக்கிட்டு இந்த நிலவறையில உக்காந்திருக்கா. அப்பவும் இங்க ஜன்னல் கிடையாது. மணிதான் அவளுக்குக் காத்து. மணிதான் அவளுக்குக் கடல்.

மார்த்தா வாசலுக்குப் போனாளாம். படகு வர்றதைப் பார்த்தாளாம். கொடியில காஞ்சுக்கிட்டிருந்த பிள்ளையோட சிவப்புத் துணியை உருவினாளாம். மணி நாக்கைச் சுத்தி இறுக்கிக் கட்டினாளாம்.

படகுக்காரன் வந்து கயிறை இழுத்தா, சத்தமே இல்ல. "என்னம்மா, மணிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"ன்னானாம்.

"நான் போய்க் கூப்பிடுறேன்"னு மாடிக்குப் போய்க் கதவு கதவாத் தட்டினாளாம். கீழ மட்டும் வரல. சீமாட்டி, "என் ஆயா எங்க?"ன்னு கேட்டிருக்கா. "அவ வரலையாம். மனசு மாறிட்டா"ன்னாளாம் மார்த்தா.

பிள்ளை கண்ணசந்த பிறகு தைலம்மை தண்ணி எடுக்க மேல வந்தாளாம். கப்பல் நின்ன இடத்துல வெறும் தண்ணி. ஓடிப்போய்க் கயிறை இழுத்தாளாம். சத்தம் இல்ல. இன்னொரு தடவை இழுத்தாளாம். சத்தம் இல்ல. மணிக்குள்ள கையை விட்டாளாம். கையில பட்டது அவ சேலை.

மார்த்தா பின்னால நின்னு அழுதாளாம். "எனக்கு இது ஒண்ணுதான் மிச்சம், தைலா."

"எனக்கும் ஒண்ணுதான்"னாளாம் தைலம்மை.

கீழ பிள்ளை இருமிச்சாம். அவ அந்தத் துணியை அவுத்தாளாம், உதறினாளாம், படியிறங்கி வந்து அதையே பிள்ளை மாருல சுத்தினாளாம்.

"எண்ட அம்மாளாச்சி! நானெண்டா அந்தப் பிள்ளையைத் தொட்டிருக்க மாட்டன்."

தொட்டாளே, புஷ்பராணி.

மறுநாள்ல இருந்து தினமும், சத்திரக் கதவு திறக்குமுன்ன, தைலம்மை மணிக்குள்ள கையை விட்டு நாக்கைத் தொட்டுப் பார்ப்பாளாம். மார்த்தா பார்த்துக்கிட்டே நிப்பாளாம். ஆயா தேடி வேற யாரும் வரல. அதுலேர்ந்து மூணாம் குளிர்காலத்துல தைலம்மை செத்துப்போனாளாம். அன்னைக்குக் காலையில மார்த்தா போய்த் தொட்டாளாம். தன் கண்ணு மூடுற வரைக்கும் தொட்டாளாம். அவளுக்கப்புறம் எட்வின், நரைச்ச கிழவனாகிற வரைக்கும். பிறகு இந்தக் கதவுச் சாவி யார் கைக்குப் போச்சோ அவங்கவங்க. வெளிய கடைப் பேர்ப்பலகையில, நாக்குல சிவப்புத் துணி கட்டின மணியை வரைஞ்சு வெச்சிருக்காங்களே, அது தைலம்மையோட துணி.

"அண்ணை, அந்தச் செவந்திக்கு என்ன நடந்தது?"

தெரியாதும்மா. நானும் நாகப்பட்டினத்துக்காரன்தான். எத்தனையோ பேருகிட்டக் கேட்டிருக்கேன். அந்தக் கரையில இந்தக் கதைக்கு ஆளில்ல. மடிப்பை வேற யாரோ பிரிச்சு விட்டிருப்பாங்க.

சரி, மேல தாழ்ப்பாள் நீக்குறாங்க. குழாயைத் திற, ராசநாயகம். அந்த வாளியை இப்படித் தள்ளுங்க, புஷ்பராணி. இன்னும் பாதிக் கிழங்கு தோலோட கிடக்கு.