தெளிந்த போத்தல்கள்: கலாநிதி கனகாம்பிகை ஏரம்பு நினைவாக

கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் திரு. பார்த்தீபன் அவர்களே, மேடையிலிருக்கும் பேராசிரியர்களே, முன்வரிசையில் இருக்கும், கனகாம்பிகை அவர்களின் தமக்கை நல்லம்மா அக்கா அவர்களே, இந்த வெயிலில் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, மாணவர்களே! துயரத்தோடு உங்களை வணங்குகிறேன்.

நான் பேச்சாளன் அல்லன். இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இலக்கமிட்டுச் சொன்னால்தான் எனக்கு வழி தவறாது. ஆகவே தாளில் எழுதி வந்த ஒழுங்கிலேயே பேச அனுமதியுங்கள்.

ஒன்று, கலாநிதி கனகாம்பிகை அவர்கள் எதை ஆராய்ந்தார்.
இரண்டு, திருவிழாக் காலத்தில் அவர் வீட்டில் நடந்த ஒரு சம்பவம்.
மூன்று, அவருடைய பொறுமை.
நான்கு, அவருடைய குளிர்ப்பெட்டியை நாளைக்கு நிறுத்துவது ஏன் சரியானது.

இதே மண்டபத்தில் எழுந்து நின்று எத்தனை பேரை வழியனுப்பிவிட்டேன்! ஒவ்வொரு முறையும் அதே ஒலிவாங்கி, அதே கதிரைகள், அதே சொற்கள். என்னிலும் இளையவருக்கு நான் இரங்கல் சொல்வது எந்த ஒழுங்கில் சேரும்? களைத்துவிட்டேன். பிழை விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது விடயம். ஆழ்கடலின் அடியில், வெளிச்சம் எட்டாத குளிரில், கடற்பஞ்சு என்றொரு விலங்கு இருக்கிறது. அதற்கு வாய் இல்லை, வயிறு இல்லை, ஓடி ஒளிக்கக் கால் இல்லை. நாள் முழுவதும் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடுவதுதான் அதன் சீவியம். அப்படியானால் அது எப்படிப் பிழைக்கிறது? அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணங்கிகள் குடியிருக்கின்றன. பஞ்சின் கழிவை அவை பயன்படுத்துகின்றன. பஞ்சுக்கு உணவில் பங்கு கொடுக்கின்றன. எதிரியை விரட்டும் இரசாயனங்களையும் சில ஆக்குகின்றன. அந்தக் குடியிருப்பாளர்களைத்தான் கனகாம்பிகை அவர்கள் ஆராய்ந்தார். பஞ்சை விட்டு வெளியே எடுத்தால் அவற்றில் பெரும்பாலானவற்றை எவராலும் வளர்க்க முடிவதில்லை. வளர்க்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை!

இரண்டாவது விடயம். ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் போய், கிழக்குக் கடலின் ஆழத்திலிருந்து கடற்பஞ்சுகளை ஐஸ் பெட்டியொன்றில் அவர் கொண்டுவந்தார். வந்து இறங்கிய நேரம் ஆய்வுகூடத்தின் குளிரறை பழுது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்றோ நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடியேறியிருந்தது! வீட்டில் எல்லோரும் விரதம், மீன் இறைச்சி என்று எந்த மச்சமும் உள்ளே வரக்கூடாது. அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். துணைக்குப் போன நானும் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

“கொடியேறிக் கிடக்கு. மச்சத்தை வீட்டுக்குள்ளை கொண்டாறியோ?”

“அக்கா, உது பாதிதான் மச்சம். மற்றப் பாதி கிருமி.”

“அப்ப வலு திறம்! மச்சமும் கிருமியும்!”

பாதி என்பது சற்று மிகை. சில இனங்களில் உடல் நிறையில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் என்பதே சரி. அதை அன்று அக்காவுக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

பெட்டி வீட்டுக்குள் போகவில்லை, பின்பக்கத்து விறகுக் கொட்டிலுக்குப் போனது. அன்று பின்னேரம் பார்த்தால் ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது. பயணக் களைப்பில் தங்கை நித்திரை. யாரிடம் ஐஸ் இருக்கும்? மீன் சந்தையில்தான்! விரதம் பிடித்த அக்காவே மீன் சந்தைக்குள் போனார். ஒருவரும் என்னைக் கண்டுவிடக் கூடாதே என்று நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே நடந்த கதை எனக்குக் கேட்டது.

“என்னம்மா, திருவிழாவுக்குள்ளை மீனோ?”

“மீன் வேண்டாம். ஐஸ் மட்டும் தா.”

“மீன் இல்லாமல் ஐஸ் ஆருக்கணை?”

“என்ரை தங்கச்சியின்ரை கிருமியளுக்கு!”

சிரியுங்கள், சிரியுங்கள். கனகாம்பிகை அவர்களும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்தான். திருவிழா முடியும்வரை அக்கா காலையில் கொட்டில் வாசலில் நின்று கேட்பாராம்: “எடி, உன்ரை பாதி மச்சம் உயிரோடை கிடக்கோ?”

மூன்றாவது விடயம், அவருடைய பொறுமை. மற்றவர்கள் நுண்ணங்கிகளுக்குச் சத்தான கரைசல் கொடுப்பார்கள். சில நாள் பார்ப்பார்கள், ஒன்றும் முளைக்காவிட்டால் ஊற்றிவிடுவார்கள். இவரோ, வடித்த கடல்நீரில் உணவு இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குத்தான் விட்டார். குளிர்ப்பெட்டியின் குளிரிலும் இருட்டிலும் போத்தல்களை வைத்துக் காத்திருந்தார். “பசியிலை பிறந்ததுக்கு விருந்து வைச்சால் செத்துப்போம் அண்ணை” என்பார். ஓய்வு பெற்ற பிறகு எல்லாவற்றையும் வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுவந்தார். பக்கத்துப் பாதையில் ரயில் போகும்போது, கிருமிகளைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டி நடுங்கும். கையை எடுத்துவிட்டு, ரயில் கடக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அது எரிச்சலா? இல்லை! அதுவே அவருக்கு ஓய்வு.

ஒருநாள் நான் ஒரு போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “என்ன கனகம், தெளிஞ்ச தண்ணியாய்க் கிடக்கு. ஒண்டுமில்லைப் போல” என்றேன்.

“அண்ணை, தண்ணி கலங்கிறதெண்டால் அதுகள் கண்டபடி பெருகவேணும். உதுகள் அப்பிடிப் பெருகாத சாதி. தெளிவாய் இருக்கெண்டு ஊத்திப்போடாதேங்கோ. சாயம் போட்டு நுணுக்குக்காட்டியிலை பாத்துப்போட்டுக் கதையுங்கோ.”

இதுதான் அவருடைய பொறுமை!

நான்காவது விடயத்துக்கு வருகிறேன். கனகாம்பிகை அவர்கள் மறைந்த நாள் தொடக்கம் மின்வெட்டு வந்தால் அக்கா நித்திரை கொள்வதில்லை. குளிர்ப்பெட்டியின் கதவில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார். இந்த வயதில் இது தேவையா? இன்று காலை என்னைக் கேட்டார்: “தம்பி, உள்ளை ஏதும் உயிரோடை கிடக்கோ?” நான், “இல்லை அக்கா, ஒண்டுமில்லை” என்றேன். அதற்கு அவர், “அப்ப நிப்பாட்டுங்கோ. அவளே போயிட்டாள்” என்றார்.

அது ஏன் சரியானது என்று இங்கே எழுதியிருக்கிறேன். வாசிக்கிறேன்: “போத்தல்கள் அனைத்தையும் ஒழுங்காக வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் தெளிந்திருந்தன. ஆகவே…”

மன்னிக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்.

ஆகவே என்ன? மூன்றாவதையும் நான்காவதையும் ஒரே தாளில், ஒரே பேனாவால் எழுதியிருக்கிறேன். இரண்டு தரம் திருத்தியும் வாசித்தேன். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் என் காதில் விழுகிறது. ஒரு பத்தியில் அவர் சொன்னதைப் புகழ்ந்துவிட்டு, அடுத்த பத்தியில் அதை மறந்திருக்கிறேன்!

அவரோடு வேலை செய்த சாருஜா அதோ பின்னால் இருக்கிறார். காலையில் அவர், “சேர், தெளிவாய் இருக்கெண்டு…” என்று தொடங்கினார். “பிள்ளை, அக்காவுக்கு வீண் நம்பிக்கை குடுக்காதை” என்று மறித்தேன். இரக்கம் என்று நினைத்தேன். அது இரக்கமா, என் களைப்பா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அக்கா, அவை உயிரோடு இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததைத்தான் காலையில் தெரியும் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை சாருஜா சாயம் போடுவார். ரயில் இல்லாத நேரம் பார்த்து நுணுக்குக்காட்டியின் முன்னால் நானும் இருப்பேன். அன்றைக்குத் தெரியாவிட்டால் அடுத்த மாதமும் பார்ப்போம். பாராமல் ஒரு போத்தலும் ஊற்றப்படாது. கனகாம்பிகை அவர்களின் பெயரால் இந்தச் சபைக்கு என்னால் தரக்கூடிய உறுதி இவ்வளவுதான். இதற்கு மேல் என் வயது தாங்காது.

என்ன அக்கா? சபைக்குக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். “கரண்ட் நிண்டால் ஐசுக்கு ஆர் போறது?” என்று கேட்கிறார்.

நான் போறன் அக்கா. இந்த முறை சந்தைக்குள்ளேயே போறன்.

தலைவர் அவர்களே, சபையோரே, நான் சொல்ல வந்த நான்கில் நான்காவது பிழை. குளிர்ப்பெட்டி ஓடட்டும்.