வெளிவால்வு மூடியிருந்தது குறித்து

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் உள்ளன. வயது இருபத்து நான்கு. ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்பின் இரண்டாம் மாடியில் அப்பா, அம்மா, தங்கையுடன் வசிக்கிறேன். அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான் ஒருத்திதான். கம்ப்ரசர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். அங்கே சோதனைக் கூடத்தில் கேசிங் உடைந்து ஆபரேட்டர் இறந்தது பற்றி, எவருடைய தூண்டுதலும் இல்லாமல் என் கைப்பட இதை எழுதிக் கொடுக்கிறேன்.

இறந்தவரை நாங்கள் எல்லோரும் பிரஷர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் நான் தயங்கித் தயங்கி அவருடைய உண்மைப் பெயரைக் கேட்டபோது, “பிரஷர்னே கூப்பிடுங்க இன்ஜினியரம்மா, டாக்டரும் எனக்கு அதுதான் இருக்குன்னு சொல்றாரு” என்றார்.

கேசிங் என்பது உலோகத்தை உருக்கி வார்த்த, கம்ப்ரசரின் கனமான வெளிக்கூடு. உள்ளே அழுத்தப்படும் காற்றை அதுதான் தாங்க வேண்டும். ஒரு உலோகம் உடையும் அளவு வேறு, அதன்மேல் நாங்கள் ஏற்ற அனுமதிக்கும் தகைவு, அதாவது சுமையளவு, வேறு. அனுமதிக்கும் அளவு எப்போதும் மிகக் குறைவாகவே இருக்கும். வார்ப்பு என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம் என்பதால், அந்த அனுமதித்த அளவிலும் ஐந்தில் நான்கு பங்கைத்தான் எடுக்க வேண்டும். வார்ப்பை எக்ஸ்ரே எடுத்துக் குறையில்லை என்று கண்ட பிறகே முழு அளவையும் எடுக்கலாம். எங்கள் பிரிவு பின்பற்றும் தரவிதி இதுதான்.

இந்தக் கேசிங்குக்கு நான் முதலில் ஐந்தில் நான்கு பங்கு வைத்தே கணக்குப் போட்டேன். சுவரின் கனம் முப்பத்தைந்து மில்லிமீட்டர் வந்தது. எடை கூடுகிறது என்று பிரிவுத் தலைவர் அதைத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு என் மேசைக்கே வந்து, “எக்ஸ்ரேதான் எடுக்கப்போறோமே, அப்புறம் எதுக்கும்மா அஞ்சுல ஒரு பங்க முழுங்கி வைக்கிற? முழுசா போடு” என்றார். “எடுத்து முடிச்சப்புறம் மாத்திக்கலாமா சார்?” என்று கேட்டேன். “நீ என்ன பரிட்சையா எழுதுற?” என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு முழு அளவையும் வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். சுவர் இருபத்தெட்டு மில்லிமீட்டர் ஆனது. கணக்கில் கையெழுத்திட்டது நான். ஒப்புதல் கையெழுத்து அவருடையது.

எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர்வீச்சுக்காகக் கொட்டகையையே காலி செய்ய வேண்டும். வேலை நிற்கும் என்று உற்பத்திப் பிரிவு அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் ஆலையில் வார்ப்புக்கான எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகுதான் வார்ப்புக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். அதனால் பெயிண்ட் அடித்த வார்ப்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் கேட்டேன். “எக்ஸ்ரே முடிஞ்சுதா அண்ணா?” என்று தரப் பரிசோதகரிடம் கேட்டதற்கு, “பெயிண்டே அடிச்சாச்சு, நீ எந்த உலகத்துல இருக்க?” என்றார். முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். படத்தைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது. தண்ணீர் நிரப்பிச் செய்த அழுத்தச் சோதனையில் கேசிங் கசியவில்லை என்பது உண்மை. கசியாததால் சுவருக்குள் துளை இல்லை என்று ஆகிவிடாது.

சம்பவத்தன்று காலை, ஓட்டிப் பார்க்கும் சோதனையில் அளவுகளைக் குறிக்க என்னை அனுப்பினார்கள். பிரஷர் அண்ணன் என்னை இரும்புத் தடுப்புக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். “நாங்கதான் வெந்து சாகணும்னு விதி, படிச்ச புள்ள நீங்க எதுக்கு இங்க?” என்று சிரித்தார். தடுப்பில் உள்ள கண்ணாடி வழியாக அழுத்தமானியும், காற்று வெளியேறும் குழாயில் உள்ள வெளிவால்வும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. வெளிவால்வு பாதி திறந்திருந்தது. மானியின் முள் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. “இதைக் குறிச்சுக்கிட்டீங்களா?” என்று கேட்டார். “குறிச்சிட்டேன் அண்ணா” என்றேன். அதன் பிறகு கேசிங் உடைந்தது.

மோட்டார் தானாக நின்றுவிட்டது. ஆனால் சோதனைக் குழாயில் காற்று திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு கிடையாது. குழாயின் மறுமுனையில் உள்ள தொட்டியில் சேர்ந்திருந்த காற்று வெளிக்குழாய் வழியாகத் திரும்பி, உடைந்த இடத்தில் சீறிக்கொண்டு, கீழே கிடந்த அவர்மேல் நேராக அடித்தது. அவருடைய சட்டை மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. அந்தக் காற்றைத் தாண்டி அவரிடம் போக முடியவில்லை. நான் சுற்றிக்கொண்டு ஓடி, வெளிவால்வின் சக்கரத்தை இரண்டு கையாலும் திருகி முழுவதுமாக மூடினேன். சக்கரம் கொதித்தது. உள்ளங்கைக் காயங்களை, இந்த வாக்குமூலத்தை வாங்கும் ஆய்வாளரிடம் காட்டியிருக்கிறேன். காற்று நின்ற பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உடைந்த சுவரின் விளிம்பு என் முகத்துக்கு நேரே இருந்தது. பெயிண்டுக்கு அடியில் அது ரொட்டியின் உள்பக்கம் போலத் துளை துளையாக இருந்தது.

மறுநாள் பொது மேலாளர் அறையில் விசாரித்தார்கள். பிரிவுத் தலைவரும் இருந்தார். “வெளிவால்வு மூடியிருந்துச்சா, இல்லையா?” என்று கேட்டார்கள். “மூடியிருந்துச்சு சார், ஆனா” என்றேன். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா, போதும்” என்றார் மேலாளர். அதன் பிறகு வேறு யாரையோ உள்ளே கூப்பிட்டார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். வெளிவால்வை மூடிவிட்டு அழுத்தத்தை ஏற்றியது ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று அன்று மாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அதன் பிறகு ஒரு நாள் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த தண்ணீரை அவர் குடிக்கவில்லை. “நீதான பாப்பா பக்கத்துல இருந்த? அவரு வால்வ மூடினாராமா? இத்தன வருசமா வீட்டுக் குழாயக்கூட ரெண்டு தடவ பார்த்துட்டுத்தான் படுப்பாரு. அவரையா பாப்பா சொல்றாங்க?” என்றார். “அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சின்னப் பொண்ணு” என்று அப்பா உள்ளேயிருந்து சொன்னார். வந்தவர் என்னைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். “நீ வாயத் திறந்தா அந்த ஆளு எந்திரிச்சு வந்துடுவாரா?” என்று அப்பா கேட்டார். வரமாட்டார் என்று எனக்கும் தெரியும். “உன் கையெழுத்தும் அதுலதான இருக்கு?” என்றும் கேட்டார். ஆமாம் என்றேன்.

பிரஷர் அண்ணன் வெளிவால்வை மூடவில்லை. கேசிங் உடைந்த பிறகு மூடியது நான். உடைந்தது சுவர் மெலிந்ததாலும் அது துளை துளையாக இருந்ததாலும்தான். மெலிய வைத்த கணக்கு என்னுடையது. இதனால் எனக்கு என்ன வரும் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். புரிந்துதான் எழுதுகிறேன்.

இதன் பிரதி ஒன்றைப் பிரஷர் அண்ணனின் மனைவிக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். வழக்கு முடியும் வரை கொடுக்க முடியாது என்று ஆய்வாளர் சொன்னார். அடுத்த வாக்குமூலத்துக்காக அந்த அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். கதவுக்கு வெளியே பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அதனால் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டும்படி எழுத்தரைக் கேட்டேன். அவர் என் பெயரிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல், இந்தப் பத்திக்கு முன்வரை படித்தார். படித்து முடித்து நான் திரும்பிப் பார்த்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. எதுவரை கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

படித்தது என் காதில் விழுந்தது. நான் எழுதியபடியே இருந்தது. இதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

(கையொப்பம்)