இருமல் நின்றுவிட்டது

— யம்மா, நைனாவுக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது! எப்பத்துலேர்ந்து இப்பிடி?

— கத்தாதடி ஆர்த்தி. இப்பத்தான் கண்ணசந்தாரு. காலைல லேசா காஞ்சுது, மாத்திரைய நசுக்கிக் குடுத்தேன்.

— எதுல கலந்து குடுத்த?

— நண்டு ரசத்துலதான்.

— ரசமா? ஐயோ! பக்கவாதத்துல தொண்டையும் ஒரு பக்கம் செத்துக் கெடக்குது, தண்ணியா எதுவும் குடுக்காத, கெட்டியா, உக்கார வச்சு, ஸ்பூன் ஸ்பூனா குடுன்னு அந்த டாக்டரம்மா உன்னாண்ட எவ்ளோ தபா சொல்லி அனுப்பிச்சாங்க?

— சொன்னாங்கதான். சளி கட்டிக்கினு கொர்ரு கொர்ருனு இழுக்குதே, நான் இன்னா பண்றது? இந்த ஊர்ல யாருக்கு நெஞ்சு கட்டுனாலும் நண்டு ரசம்தான வைக்கிறோம்? நானே ஏரில எறங்கி, சேத்துல கையால தடவிப் புடிச்சாந்தேன். அத்தனையும் சளிய அறுக்கற பச்ச நண்டுடி.

— படுக்க வச்சா ஊத்துன?

— லேசா சாச்சுதான். தூக்கி உக்கார வச்சா ஒரு பக்கமா சரியறாரு, ஒண்டியா நான் எப்பிடிப் புடிப்பேன்?

— வாயெல்லாம் வெள்ளையா பூத்துக் கீது. சாப்ட்டப்புறம் தொடச்சு வுட்டியா, இல்லியா?

— பல்ல கிட்டிச்சுக்கினாரு, வுட்டுட்டேன். ஆனா நல்லா முழுங்குனாருடி! மின்ன வாய்ல தண்ணி வச்சாலே இருமுவாரே, இப்ப ஒரு இருமல் கெடையாது. தேறிக்கினாருன்னு கங்கையம்மாளுக்குக்கூட வேண்டிக்கினேன்.

— அது தேறுனது இல்லம்மா! இருமித் தள்றதுக்கே தொண்டைக்கு வலு இல்ல. ஊத்துனதெல்லாம் சத்தமில்லாம நுரையீரல்ல எறங்கிக் கீது. அதான் ஜொரம்.

— அடிப்பாவி... அப்போ நானேவாடி ஊத்துனேன்? என் கையாலயா?

— அழுவறதுக்கு நேரமில்ல. பின்னால உக்காந்து முதுவப் புடி, நிமித்தலாம். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போடறேன். கும்மிடிப்பூண்டிலேர்ந்து வரணும்.

— வேணாண்டி! மறுபடியும் மூக்குல கஞ்சி எறக்கற குழா சொருவுவாங்க. போன தபா அத்தப் புடுங்கி எறிஞ்சுட்டு எங்கையப் புடிச்சுக்கினு ‘செல்வம்மா, வேணாம்’னு எப்பிடி அழுதாரு! இனிமே போட வுடமாட்டேன்னு அவரு தலைல கை வச்சு சத்தியம் பண்ணிக் கீறேன்.

— சத்தியம் முக்கியமா, நைனா முக்கியமா?

— ஒனக்குத் தெரியாது. வலைத் தகராறுல ஒருத்தன் கத்தியத் தூக்குனான், அவன் எதுக்க நெஞ்ச நிமித்திக்கினு நின்ன மனுசன். பாக்க வர்றவங்க முன்னால மூக்குல குழாயோட படுத்துக் கெடப்பாரா? செத்தாலும் ஒத்துக்க மாட்டாரு.

— ஒதடு கருக்குது பாரும்மா! எனக்குப் பயமா கீது.

— எனக்கு மட்டும் இல்லியா? ஆனா வாக்குக் குடுத்துட்டனே... ய்யா, கண்ணத் தொறய்யா. நம்ம ஆர்த்தி வந்துக் கீறா. ஒம் பொண்ணாண்ட நீயே சொல்லு. ஆசுபத்திரி வேணாந்தான? குழா வேணாந்தான?

— நைனா! என்னப் பாரு நைனா!

— செல்வம்மா... பயமா... கீது... தண்ணிக்குள்ள... முழுவறேன்... குழா... போடச் சொல்லு...